கதை பார்க்கிறோமா, கேம் ஆடுகிறோமா? ஃபைனல் ஃபேன்டசி 11, 14, டிராகன் குவெஸ்ட் 10 ஆடியவர்கள் வரவும்

#1 · தனிப்படகு

எல்லோருக்கும் வணக்கம். ஃபைனல் ஃபேன்டசி 14 ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் அதன் முதல் எக்ஸ்பேன்ஷனான (கூடுதல் கதைப் பகுதி) ஹெவன்ஸ்வர்டை, அதன் பேட்ச் கதைகள் உட்பட முடித்தேன். முடித்த கையோடு பிராவிடன்ஸ் பாயிண்ட்டுக்குப் போனேன். ஆடியவர்களுக்கு இடம் தெரியும். பனிமலை விளிம்பில் ஒரு நினைவுக்கல், அதில் சாய்த்து வைத்த கேடயம், கேடயத்தின் நடுவே ஓட்டை, தூரத்தில் இஷ்கார்ட் நகரம். எனக்கு முன்பே அங்கே ஒரு லாலாஃபெல் (கேமில் வரும் குள்ள இனம்) மண்டி போட்டு உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே ஜப்பானிய மொழியில் பட்டம். நானும் பக்கத்தில் மண்டி போட்டேன். கொஞ்ச நேரத்தில் அது எழுந்து, என் பக்கம் திரும்பிக் குனிந்து வணங்கிவிட்டுப் போனது. ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். என் சித்தப்பா பையனை நான்தான் இந்த கேமுக்கு இழுத்து வந்தேன். அவன் இலவச டிரையலில் இருந்தான். லெவல் 32ல் விட்டுவிட்டுப் போய்விட்டான். டைட்டன் என்ற பூதத்தோடு சண்டை போடப் போகிறோம் என்று கதை சொல்கிறது. சண்டைக்கு வழி கேட்டால், பழைய வீரர்களுக்கு ஒரு விருந்து வை என்கிறார்கள். விருந்துக்கு ஒயின் தேடு, இறைச்சி தேடு, சீஸ் தேடு. அவன் கேட்டான்: “அண்ணா, ஒருத்தர்கிட்ட பேசு, அந்த ஊருக்குப் போ, இன்னொருத்தர்கிட்ட பேசு, திரும்பி வா. இதுல நான் எங்க விளையாடறேன்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஆடியதில் சண்டை என்று பார்த்தால் கால் மணி நேரம்கூட வராது. அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. ஒரே அறையில் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆடினோம். கட்சீன் (கதை மட்டும் படமாக ஓடும் காட்சி) வந்ததும் அவன் திரையில் அவன் ஒருவனே ஹீரோ, என் திரையில் நான் ஒருவனே ஹீரோ. பார்ட்டி போட்டும் நாங்கள் சேர்ந்து எதையும் செய்யவில்லை.

ஜப்பானிய ஆன்லைன் ஆர்பிஜி எல்லாமே இப்படித்தானா? கதைக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா? பழைய ஆட்கள் சொல்லுங்கள்.

(ஹெவன்ஸ்வர்டுக்குப் பிறகு வருவதைச் சொல்வதானால் மேலே ‘ஸ்பாய்லர்’ என்று போட்டுவிட்டுச் சொல்லுங்கள். நான் தாண்டிப் போய்விடுவேன்.)

#2 · கொத்தளம்

உங்க தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நான் டேங்க், அதாவது எதிரி அடியை முன்னாடி நின்னு வாங்கிக்கறவன். 2016லேர்ந்து ஆடறேன், சாவேஜ் ரெய்டுதான் (ரொம்பக் கஷ்டமான கூட்டுச் சண்டை) எனக்கு உயிர். எட்டு பேர், பத்து நிமிஷம், ஒருத்தர் ஒரு அடி தப்பா வெச்சாலும் மொத்தமும் போச்சு. மூணு வாரம் தினமும் ராத்திரி தோத்துட்டு ஒருநாள் பாஸ் (பெரிய எதிரி) விழும்போது வாய்ஸ் சேட்ல எட்டு பேரும் கத்துவோம் பாருங்க, அந்த சந்தோஷத்தை எந்த கட்சீனும் எனக்குக் குடுத்ததில்ல.

ஆனா அந்த ரெய்டு வாசலுக்கு வரணும்னா மெயின் ஸ்டோரி மொத்தத்தையும் முடிச்சுட்டு வரணும். நேரா வர வழியே கிடையாது. கதை இங்க டோல்கேட் மாதிரி நிக்குது. 2017ல ஸ்டார்ம்பிளட் எக்ஸ்பேன்ஷன் வந்தப்ப, கதையைத் தாண்டிப் போற ஐட்டத்தையே காசுக்கு விக்க ஆரம்பிச்சாங்க. 2020 ஆகஸ்ட்ல 5.3 பேட்ச்ல கேமோட ஆரம்பக் கதையான ரியல்ம் ரீபார்ன்ல குவெஸ்ட் நிறையத்தை வெட்டிச் சுருக்கினாங்க. அதாவது செஞ்சவங்களுக்கே தெரியும், அங்க இழுவை ஜாஸ்தின்னு.

பிரிட்டோரியம்னு ஒரு டஞ்சன் (கூட்டமாப் போய்ச் சண்டை போட்டு முடிக்கற இடம்). ரியல்ம் ரீபார்ன் கதையோட உச்சம். எட்டு பேர் போகணும். முதல்ல கட்சீனை ஸ்கிப் பண்ணலாம்னு இருந்துச்சு. பழைய ஆளுங்க ஸ்கிப் பண்ணிட்டு ஓடிருவாங்க. புதுசா வந்தவர் பொறுமையா பாத்து முடிச்சுட்டு வந்தா பாஸ் செத்துக் கெடக்கும். அப்புறம் யாருமே ஸ்கிப் பண்ண முடியாதபடி பூட்டினாங்க. அப்ப பழைய ஆளுங்க ஏழு பேர் அதே வில்லன் பேச்சை நூறாவது தடவை கேட்டுட்டு உக்காந்திருக்கணும்னு ஆச்சு. 2022 ஏப்ரல்ல, 6.1 பேட்ச்லதான் அதைப் பிரிச்சு நாலு பேர் டஞ்சனா மாத்தினாங்க. 2013ல வந்த பிரச்சினை, தீர கிட்டத்தட்ட ஒன்பது வருஷம்.

2024 ஜூலைல டான்டிரெயில் எக்ஸ்பேன்ஷன் வந்தப்போ கதையைப் பத்தி நிறைய பேர் குறை சொன்னாங்க. ஆனா டஞ்சன், டிரையல் சண்டை (ஒரே பாஸோட மோதறது) எல்லாம் ரொம்ப நாளைக்கு அப்புறம் காரசாரமா இருந்துச்சு. நான் ஒருநாள்கூட விடாம ஆடினேன். அதுலேயே என் பதில் இருக்கு.

#3 · மருத்துவிச்சி

தனிப்படகு, நீங்கள் கேள்வியைக் கடைசியில் வைத்துவிட்டீர்கள். ஆனால் விஷயம் அதற்கு முந்தின பத்தியிலேயே இருக்கிறது. ‘அவன் திரையில் அவன் ஒருவனே ஹீரோ, என் திரையில் நான் ஒருவனே ஹீரோ.’ ஆன்லைன் கேமில் கதை சொல்கிற எல்லோரும் முட்டிக்கொள்வது இந்தச் சுவரில்தான். ஒரே ஊரில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள், ஆயிரம் பேரிடமும் ‘உலகைக் காக்க வந்த ஒரே ஆள் நீதான்’ என்று சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் மற்ற 999 பேரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நான் ஃபைனல் ஃபேன்டசி 11ல் ஹீலராக இருந்தவள். அது ஜப்பானில் 2002 மே 16ல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. நான் சேர்ந்தது 2005ல், சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது. அந்தக் கேம் 999 பேரை மறைக்கவில்லை. அவர்கள் இல்லாமல் நீ ஒரு அடி நகர முடியாது என்று உட்கார வைத்துவிட்டது.

வால்கர்ம் டியூன்ஸ் என்று ஒரு கடற்கரை மணல்வெளி. லெவல் 10க்கு மேல் தனியாக வளர்வது நடக்காத காரியம், ஆகவே எல்லோரும் அங்கே வந்து ஆறு பேராகச் சேர்வோம். செத்தால் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) போகும், லெவலே இறங்கும். உடல் ஒரு மணி நேரம் அங்கேயே கிடக்கும். அதற்குள் யாராவது ரெய்ஸ் (உயிர்ப்பிக்கும் மந்திரம்) போட்டால் இழந்ததில் ஒரு பங்கு திரும்பும். தெரியாதவர்கள் ஊரெல்லாம் தாண்டி ஓடிவந்து எழுப்பிவிட்டுப் போவார்கள். என் வேலை என்னவென்றால், ஒவ்வொரு சண்டைக்கும் நடுவில் மண்டி போட்டு எம்பி (மந்திர சக்தி) ஏற்றுவது. முதல் சொட்டு விழ 20 நொடி, அதற்குப் பிறகு 10 நொடிக்கு ஒன்று. நான் மண்டி போட்டிருக்கும் நேரமெல்லாம் ஐந்து பேர் சும்மா நின்று காத்திருப்பார்கள். அந்த நொடிகளில்தான் பேச்சு நடந்தது. ஜப்பானியர்களும் மற்றவர்களும் ஒரே சர்வரில் இருந்தோம். ஆட்டோ டிரான்ஸ்லேட் என்று ஒரு வசதி. சொல்லைத் தட்டி டேப் பொத்தானை அழுத்தினால் பச்சையும் சிவப்புமாக அடைப்புக்குறி விழும், எதிரில் இருப்பவருக்கு அவர் மொழியில் தெரியும். அந்த அகராதியில் இருந்த சொற்களை வைத்துக்கொண்டே ஒருவர் தன் மகள் பள்ளியில் சேர்ந்ததை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

இதில் கதை எங்கே என்பீர்கள். 2004ல் செயின்ஸ் ஆஃப் புரோமேதியா என்று ஒரு எக்ஸ்பேன்ஷன் வந்தது. உலகத்தை ‘வெறுமை’ தின்கிறது, நினைவு போன இடமெல்லாம் சாம்பல் நிறமாகக் கிடக்கிறது. அந்த இடத்துக்குப் பெயர் புரோமிவியன். நீங்கள் லெவல் 75 ஆனாலும் உள்ளே நுழைந்தால் 30 ஆகிவிடுவீர்கள். அத்தனை வருடம் சேர்த்த கவசம் எதுவும் உதவாது, பெட்டியிலிருந்து பழைய லெவல் 30 சாமான்களைத் தேடி எடுக்க வேண்டும். உள்ளே பாதைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். மெமரி ரிசெப்டக்கிள் என்று சில நிற்கும். அதில் ஏதோ ஒன்றை உடைத்தால்தான் அடுத்த தளத்துக்கு வாசல் திறக்கும், எது என்று தெரியாது. தவறான ஒன்றை உடைத்துவிட்டு, அதிலிருந்து வந்ததுகளிடம் செத்து, மறுபடி முதல் தளம்.

நான்காவது நாள் ராத்திரி எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கு வழி மனப்பாடமாகிவிட்டது. ‘என் பின்னால் வா’ என்பதை அடைப்புக்குறியில் போட்டுவிட்டு நடந்தார். நினைவு அழிந்த உலகத்தில் ஒரு மனிதரின் நினைவைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேர் நடந்தோம். கதை சொல்ல வந்ததை என் கால்கள் புரிந்துகொண்டது அங்கேதான். எந்த கட்சீனும் ஓடவில்லை அப்போது. அந்தக் கதையில் வரும் பிரிஷ் என்ற பெண் கடைசிச் சண்டையில் நம் பக்கத்தில் நின்று அடிப்பாள். அவள் பேசும் வசனத்தைவிட, நான் க்யூர் போட்டதும் அவள் உயிர்க்கோடு ஏறியதுதான் எனக்கு நெருக்கம்.

#4 · பனைநிழல்

வணக்கம். டொரன்டோவில இருந்து எழுதுறன். மருத்துவிச்சி அக்கா சொன்னதுக்கு முதல் ஒரு ஆட்டம் இருக்கு, அதையும் இங்க வைக்கவேணும். பேன்டசி ஸ்டார் ஆன்லைன். சேகா டிரீம்காஸ்ட்டில 2000 டிசம்பரில வந்தது. நான் விளையாடினது பிறகு வந்த கேம்கியூப் பதிப்பு. எங்கட வீட்டுச் சோபாவில மச்சான்மாரோட, ஒரே திரையை நாலாப் பிரிச்சு. கடைசியில ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி அளவுதான் தெரியும்.

கட்சீன் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. பயனியர் 2 எண்ட கப்பல் ரகோல் எண்ட கிரகத்துக்கு வந்து சேருது. முதல் வந்து குடியிருந்தவை எல்லாரும் ஒரு பெரிய வெடிப்போட காணாமல் போயிட்டினம். நாங்கள் கீழ இறங்கித் தேடவேணும். காட்டுக்குள்ள, குகைக்குள்ள, சுரங்கத்துக்குள்ள போகேக்க அங்கங்க தகவல் பெட்டி கிடக்கும். ரிக்கோ எண்ட ஒரு பொம்பிளை எங்களுக்கு முதல் தனியா அந்தப் பாதையால போயிருக்கிறா. ‘இந்த மிருகங்கள் இயல்பா இல்லை’, ‘இந்தக் கதவு இப்பிடித் திறக்கும்’ எண்டு தனக்குப் பின்னால வாறவைக்கு எழுதி வைச்சிட்டுப் போறா. நாங்கள் நாலு பேர் சேர்ந்து திணறுற அறையை அவ ஒராள் தாண்டியிருக்கிறா எண்டு வாசிக்கேக்க அவவில ஒரு மதிப்பு வரும். இடிபாடுகளுக்குள்ள இறங்க இறங்க அவவின்ர எழுத்து மாறும். முடிவை நான் சொல்லமாட்டன்.

நான் சொல்ல வாறது, அங்க கதை எங்களை நிப்பாட்டேல்லை. நடக்கிற பாதையிலதான் கிடந்தது. குனிஞ்சு எடுத்தவனுக்குக் கதை, எடுக்காதவனுக்கு வேட்டை. ஒரே சோபாவில ரெண்டு சாதி ஆக்களும் இருந்தவை, சண்டை வரேல்லை.

#5 · கொத்தளம்

மருத்துவிச்சி அக்கா, உங்க எழுத்தைப் படிச்சதும் எனக்கே ஆசையா இருக்கு. ஆனா அந்த நாலு ராத்திரிக்கு என்ன விலை? வேலைக்குப் போறவன், சின்னக் குழந்தை இருக்கறவன், ஆறு பேர் சேர்றதுக்கே ரெண்டு மணி நேரம் ஊர்ல நின்னு கூவிட்டு, ஆள் கிடைக்காம படுக்கப் போனவன் கதை எத்தனை இருக்கும்? ‘மத்தவங்க இல்லாம நகர முடியாது’ங்கறது, மத்தவங்க கிடைக்கலேன்னா மொத்தமா நின்னுடும்ங்கறதும்தான். பாதிலேயே நின்னவங்களுக்கு புரோமேதியா கதையோட முடிவு தெரியவே தெரியாது.

#6 · மருத்துவிச்சி

உண்மை. மறுக்க மாட்டேன். என் கூட்டத்தில் ஆரம்பித்த எத்தனையோ பேரில் அந்தக் கதையை முடித்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பெரும்பாலும் ஆள் கிடைக்காமல் நின்றவர்கள்தான். 2010ல் அந்த லெவல் வரம்பை எடுத்தார்கள். 2013 டிசம்பரில் டிரஸ்ட் வந்தது, கதையில் வருகிறவர்களையே மந்திரத்தால் அழைத்துப் பார்ட்டி போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு அந்தக் கதை மொத்தத்தையும் ஒரே ஆளாக முடிக்கலாம். அப்படி முடித்தவர்கள் ‘நல்ல கதை’ என்கிறார்கள், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வழி தெரிந்த அந்த மனிதர் அவர்கள் கதையில் இல்லை. இதற்கு என்னிடம் தீர்வு எதுவும் கிடையாது.

#7 · நகோயா_வடபழனி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஜப்பானில் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மொழி பழக ஒரு நண்பர் டிராகன் குவெஸ்ட் 10 ஆடச் சொன்னார், அப்படியே ஒட்டிக்கொண்டது. 2012 ஆகஸ்ட் 2ல் நின்டெண்டோவின் வீ கருவிக்கு வந்த கேம், இன்னும் ஓடுகிறது. கொத்தளமும் அக்காவும் நிற்கிற இரண்டு கரைக்கும் நடுவே அது ஒரு பாலம் கட்டியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கேமை நிறுத்தும் முன் உங்கள் ஆளை மதுவிடுதியில் பதிந்துவிட்டுப் போகலாம். நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது, தூங்கும்போது, வேறு யாரோ ஒருவர் உங்கள் ஆளைக் கூலிக்கு அழைத்துக்கொண்டு சண்டைக்குப் போவார். மறுநாள் நீங்கள் வந்ததும் உங்கள் பங்கு எக்ஸ்பியும் காசும் காத்திருக்கும். அதனால் அங்கே தனியாக ஆடுகிறவருக்கும் பார்ட்டி உண்டு. கதையை நம் வேகத்தில் படிக்கலாம், நிறுத்தி அகராதி பார்க்கலாம், யாரும் காத்திருக்க மாட்டார்கள். என்னைப் போல கான்ஜி என்ற ஜப்பானிய எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அது பெரிய உதவி.

கதையும் அதற்கு ஏற்ற மாதிரி. ஆரம்பத்தில் நீங்கள் எட்டேனே என்ற சின்ன ஊரில் ஒரு மனிதப் பிறவி, கூடப் பிறந்த ஒருவர் உண்டு. அண்ணனா தங்கையா என்று நீங்களே தேர்ந்துகொள்ளலாம். ஊர் அழிகிறது, நீங்களும் சாகிறீர்கள். பிறகு ஓகர், எல்ஃப், டுவார்ஃப், புக்லிபோ, வெட்டி என்ற ஐந்து குலங்களில் ஒன்றில், அங்கே இறந்துபோன ஒருவருடைய உடலில் எழுகிறீர்கள். இன்னொருவர் உடலைக் கடன் வாங்கி வாழ்கிற கதை. தூங்குகிறவர்களைக் கூலிக்கு அழைத்துப் போகிற ஆட்டம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவது யோசித்துச் செய்ததா என்று தெரியாது, ஆனால் ஆடும்போது எனக்கு அப்படித்தான் தோன்றியது.

குழந்தைகளுக்கான நேரம் என்று தினமும் இரண்டு மணி நேரம் கட்டணமில்லாமலும் ஆடலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் நுழையும்போது ஊர்ச் சதுக்கம் மாறிவிடும், எல்லோரும் குதித்துக்கொண்டே இருப்பார்கள்.

2022 செப்டம்பரில் இதே கதையை ஆஃப்லைன் கேமாகவும் விட்டார்கள். தலை பெரிதாக, பொம்மை போன்ற உருவங்களோடு. வாங்கி ஆடினேன். கதை அதேதான், சண்டை தனி ஆளுக்கு ஏற்றபடி நன்றாகவே இருந்தது. ஆனால் எட்டேனே ஊரைத் தாண்டி முதல் நகரத்துக்குள் நுழைந்ததும் கை தானாக மதுவிடுதியைத் தேடியது. பதிந்துவிட்டுப் போக அங்கே யாருக்கும் நான் தேவையில்லை.

#8 · தனிப்படகு

இத்தனை பதிலை எதிர்பார்க்கவில்லை, நன்றி. அப்படியென்றால் என் கேள்வி 14 பக்கம் திரும்புகிறது. 11 மனிதர்களைக் கட்டாயப்படுத்தியது, 10 தூங்குகிறவர்களைக் கூலிக்குக் கொடுத்தது. 14 மற்ற வீரர்களை என்ன செய்கிறது? சும்மா மறைத்துவிடுகிறதா?

#9 · மருத்துவிச்சி

ரியல்ம் ரீபார்னில் பெரும்பாலும் மறைத்துத்தான் விடுகிறது. டஞ்சனில் நாலு பேர் போவோம், முடிந்ததும் கட்சீனில் நீங்கள் மட்டும் நிற்பீர்கள். மற்ற மூவரும் எந்த விளக்கமும் இல்லாமல் காணாமல் போவார்கள். உங்கள் தம்பிக்கு உறுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே கேமின் பிறப்பே வேறு மாதிரி. 2010 செப்டம்பர் 30ல் வந்த முதல் 14 தோற்றுப்போனது எல்லோருக்கும் தெரியும். அந்த டிசம்பரில் நவோகி யோஷிடா இயக்குநராகப் பொறுப்பேற்றார். உடைந்த கேமைத் தட்டிக்கொட்டி ஓட்டிக்கொண்டே, மறுபக்கம் புதிதாக ஒன்றைக் கட்டினார்கள். பழையதை மூட வேண்டும். எப்படி மூடுவது? வானத்தில் ஒரு சிவப்பு நிலாவை வைத்தார்கள், டாலமுட். மாதத்துக்கு மாதம் அது பெரிதானது. குவெஸ்ட் செய்யாதவனும், கட்சீன் பார்க்காதவனும் தலையைத் தூக்கினால் கதை தெரியும். மீன் பிடிக்கிறவன் தலைக்கு மேலேயும் அதே நிலா. 2012 நவம்பர் 11ல் சர்வரை அணைத்தபோது நகர வாசல்களில் கூட்டம் கூட்டமாக நின்று வருகிற மிருகங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நிலா உடைந்து பஹாமுட் என்ற டிராகன் வெளியே வருகிறது, உலகம் எரிகிறது, திரை இருட்டு. 2013 ஆகஸ்ட் 27ல் மறுபடி திறந்தபோது கதையில் ஐந்து வருடம் கடந்திருந்தது. வியாபாரத் தோல்வி ஒன்றை அந்த உலகத்தின் சரித்திரமாக ஆக்கி, அதில் அத்தனை பேரையும் சாட்சியாக நிற்க வைத்தார்கள். யாரும் ஒரே ஹீரோ இல்லை அன்றைக்கு.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தை அவர்கள் மறுபடி கையில் எடுத்தது ஷேடோபிரிங்கர்ஸ் எக்ஸ்பேன்ஷனில்.

(ஸ்பாய்லர். தனிப்படகு, இங்கே நிறுத்திவிடுங்கள்.)

2019 ஜூலை. கதை எழுதியவர்களில் முதன்மையானவர் நட்சுகோ இஷிகாவா. கடைசியில் வில்லன் எமெட்செல்க் எதிரில் நிற்கிறான். நம் ஆள் தனியாக. அப்போது நம் பக்கத்து மந்திரவாதி கிரிஸ்டல் எக்ஸார்க் மந்திரம் ஓதுகிறான், வேறு வேறு உலகங்களிலிருந்து ஏழு வீரர்கள் ஒளியாக வந்து இறங்குகிறார்கள். திரை இருட்டாகி, எட்டு பேர் டிரையல் ஆரம்பம். அந்த ஏழு பேர் யார்? அன்றைக்கு உங்களோடு வரிசையில் சேர்ந்த ஏழு முன்பின் தெரியாதவர்கள். அவர்கள் திரையில் நீங்கள் அந்த ஏழில் ஒருவர். பதினேழு வருடமாக ஒரே கம்பெனி முட்டிக்கொண்டிருந்த சுவரில் ஒரு வாசல் திறந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் ஹீலர். சண்டை தொடங்கியதும் என் கண் முதலில் போனது அந்த ஏழு பெயர்கள் மேல்தான். ஒவ்வொன்றாகப் படித்தேன்.

#10 · கொத்தளம்

(எண்ட்வாக்கர் ஸ்பாய்லர்.)

அக்கா இதைச் சொன்னதும் நான் ஒண்ணு ஒத்துக்கணும். நான் மேல சொன்னதுக்கு எதிரா எனக்கே ஒரு அனுபவம் இருக்கு, வேணும்னேதான் சொல்லாம விட்டேன்.

2021 டிசம்பர், எண்ட்வாக்கர் எக்ஸ்பேன்ஷன் வந்த புதுசு. சர்வர் வரிசையில நிக்கவே மணிக்கணக்காகும், விற்பனையையே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சாங்க. அப்படி உள்ள வந்து ஆடினதுல கார்லமால்ட்ங்கற ஊர்ல ஒரு குவெஸ்ட். நம்ம உடம்பை எதிரி எடுத்துக்கறான். நாம கண் முழிக்கறது ஒரு சாதாரணச் சிப்பாய் உடம்புல. நான் டேங்க்ங்க. என் ஹாட்பார்ல (திரையில இருக்கற பட்டன் வரிசை) பட்டன் வெக்க இடம் பத்தாது. அங்க பாத்தா ரெண்டு மூணு பட்டன்தான். எப்பவும் ஒரே வீச்சுல இருபது சாகும் மிருகம், இப்ப ஒண்ணு வந்தாலே ஓடி ஒளியணும். பனி, இடிஞ்ச தெரு, நேரம் வேற குறைஞ்சுட்டே இருக்கு. எரிபொருள் தேடணும், கிடக்கற எந்திரத்தைக் கிளப்பணும். கடைசியில அந்தச் சிப்பாய் நடக்கவும் முடியாம இழுத்து இழுத்துப் போறான். நான் முன்னாடி பட்டனை அழுத்தறேன், ஆள் நகரவே மாட்டேங்கறான். என் உடம்பு அங்க என் ஆளுங்க இருக்கற முகாம் பக்கம் நடந்து போயிட்டிருக்கு.

ரெண்டு தடவை தோத்தேன். ரொம்ப கோவம் வந்துச்சு அன்னிக்கு. வசனம் எதுவும் என்னை அப்படிப் பதற வெச்சதில்ல. விரல்தான் பதறிச்சு. ஆட்டமே கதையா இருந்த இடம் அது. அதனால என் வாதத்தைத் திருத்திக்கறேன். எனக்குப் பிரச்சினை கதை இல்ல. கையைக் கட்டிட்டு உக்கார வெச்சு சொல்ற கதைதான்.

#11 · பனைநிழல்

அண்ணை, அதுதான் சரியான இடம். கதை குறைஞ்சதால ஆட்டம் தப்பும் எண்டும் இல்லை. புளூ புரோட்டோகால் எண்ட ஆன்லைன் ஆட்டம் 2023 ஜூனில ஜப்பானில தொடங்கி, 2025 ஜனவரி 18 மூடிட்டினம். பார்க்க அவ்வளவு வடிவு, அனிமே போலவே. சண்டையும் கைக்கு இலகுவா இருந்தது எண்டு விளையாடினவை சொல்லிச்சினம். ஆனா செய்யிறதுக்குப் போதிய அளவு இல்லை எண்டு சனம் போட்டுது. ஒண்டரை வருசத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

#12 · தனிப்படகு

ஸ்பாய்லரைத் தாண்டிப் படித்தேன், சத்தியமாகப் பார்க்கவில்லை. தம்பிக்கு இந்த இழையின் சுட்டியை அனுப்பினேன். முழுக்கப் படித்தானாம். கேட்டது ஒன்றே ஒன்று: “சரிண்ணா, அந்த சீஸ் எதுக்குன்னு யாராவது சொன்னாங்களா?”

#13 · மருத்துவிச்சி

தம்பியிடம் சொல்லுங்கள். அந்த விருந்து இழுவைதான், நானே கொட்டாவி விட்டிருக்கிறேன். ஆனால் அந்த வீரர்கள் முன்பு ஒரு தடவை டைட்டனை வீழ்த்தியவர்கள், அதில் தோழர்களை இழந்தவர்கள். இன்னொரு சின்னப் பையனைச் சாக அனுப்பும் முன் அவன் எத்தனை தூரம் பொறுப்பான் என்று பார்க்கிறார்கள். டைட்டனை முடித்துவிட்டு அவன் சந்தோஷமாகத் திரும்பிப் போகும்போது அங்கே என்ன இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அதைப் பார்த்த பிறகு அந்த விருந்தின் சிரிப்பெல்லாம் வேறு மாதிரி நினைவுக்கு வரும். அதுவரையாவது வரச் சொல்லுங்கள்.

அவன் நின்ற இடம் பிரேஃபிளாக்ஸ் டஞ்சன் வாசல் என்று நினைக்கிறேன். அந்த கோப்ளினிடம்தான் சீஸ் இருக்கிறது. நாலு பேர் டஞ்சன். நான் ஹீலராக வருகிறேன்.

#14 · கொத்தளம்

டேங்க் நான். நீங்க ரெண்டு பேரும் அடிக்கற ஆளுங்க, நாலு பேர் ஆச்சு. எல்லாரும் எலிமென்டல் டேட்டா சென்டர்லதான் (சர்வர் தொகுப்பு) இருக்கீங்களா? தம்பி டிரையல் கணக்குன்னா அவரால பார்ட்டி உருவாக்க முடியாது, கேமுக்குள்ள டெல் (ஒருத்தருக்கு மட்டும் போற செய்தி) அனுப்பவும் முடியாது. பேரை மட்டும் எனக்குத் தனிச்செய்தில குடுங்க, நான் அழைக்கறேன்.

சனிக்கிழமை ராத்திரி 9 மணி, இந்திய நேரம். கட்சீன் வந்தா தம்பி முழுசாப் பாக்கட்டும். நாங்க வாசல்ல நிக்கறோம், அவர் வர்ற வரைக்கும் ஒரு மிருகத்தைக்கூடத் தொட மாட்டேன்.

#15 · தனிப்படகு

சொல்லிவிட்டேன். வருகிறானாம். கேம் இன்ஸ்டால் செய்த லேப்டாப்பைச் சித்தி ஊருக்கு எடுத்துப் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமைதான் வரும். இந்த வாரம் இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா?

#16 · கொத்தளம்

வெச்சுக்கலாம்.